ஐம்பத்தொன்பதில் கேமரா

அன்புள்ள சார்,

வணக்கம். எனக்கு 59 வயது. பணி ஓய்வுக்கு இன்னும் சில மாதங்கள்தான். பல வருடங்களாக என்னிடம் ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா இருக்கிறது. ஆட்டோ மோடிலேயே வைத்து ஆயிரக்கணக்கில் படம் எடுத்திருக்கிறேன். சில படங்கள் அருமையாக வரும், ஏன் வந்தன என்று தெரியாது. பல படங்கள் சொதப்பும், அதுவும் ஏன் என்று தெரியாது. இனியாவது ஒழுங்காகக் கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு வகுப்பில் சேர்ந்தேன். மற்றவர்கள் எல்லோரும் இருபதுகளில் இருக்கிறார்கள். அபர்ச்சர், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. என்று ஒரு முக்கோணம் வரைந்து காட்டினார்கள். அவர்கள் விரல் பட்டன்களில் சரசரவென்று ஓடுகிறது, எனக்கு வீட்டுக்கு வருவதற்குள் பாதி மறந்துவிடுகிறது. போதாததற்கு வியூஃபைண்டரில் பார்த்தால் எல்லாமே மங்கல். புதிதாக ஒரு மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமரா) வாங்கினால் சரியாகுமா? அல்லது இந்த வயதில் இது வேண்டாத வேலையா?

கே.

அன்புள்ள கே.,

முதலில் அந்த மங்கலைத் தீர்த்துவிடுவோம், அது இன்றைக்கே தீரக்கூடியது. வியூஃபைண்டரில் கண் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும், சில கேமராக்களில் தள்ளும் பட்டன் போல இருக்கும். அதற்குப் பெயர் டயாப்டர். கண்ணின் பவருக்கு ஏற்ப வியூஃபைண்டரைச் சரிசெய்வதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். எதிரே இருக்கும் காட்சியைப் பார்க்காதீர்கள், உள்ளே கீழ்வரிசையில் எண்கள் தெரியும் பாருங்கள், அவை கூர்மையாகும்வரை சக்கரத்தைத் திருப்புங்கள். அவ்வளவுதான். நீங்கள் கண்ணாடி போடுபவராக இருந்தால், படம் எடுக்கும்போது போட்டுக்கொள்வீர்களா கழற்றிவிடுவீர்களா என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் திருப்புங்கள். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடியான ப்ரொக்ரெஸிவ் என்றால் அதன் எந்தப் பகுதி வழியாகப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தும் மங்கலாகும். ஆட்டோஃபோகஸ் உங்கள் கண்ணை நம்பி இல்லை, ஆகவே படங்கள் பெரும்பாலும் கூர்மையாகவே பதிவாகியிருக்கும். ஆனால் உள்ளே பார்ப்பது தெளிவில்லாதபோது ஓரத்தில் என்ன இருக்கிறது, பின்னால் என்ன நிற்கிறது என்று பார்க்கும் ஆசையே போய்விடும். இருபது வயதுக்காரர்களுக்கு இந்தச் சக்கரம் தேவைப்படுவது குறைவு, அதனால் வகுப்பில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய வரிக்கு வருகிறேன். நன்றாக வந்தாலும் ஏன் என்று தெரியாது, சொதப்பினாலும் ஏன் என்று தெரியாது. புகைப்படக்கலையை ஒழுங்காகக் கற்பது என்றால் என்னைப் பொறுத்தவரை இந்த 'ஏன்' தெரிவதுதான். ஏன் என்று தெரிந்துவிட்டால் நன்றாக வந்ததைத் திரும்பச் செய்யலாம், சொதப்பியதைத் தவிர்க்கலாம். அந்த முக்கோணத்தை மனப்பாடம் செய்து இது வராது. முக்கோணம் மூன்றையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. உண்மையில் கேமராவுக்குள் எவ்வளவு ஒளி போகிறது என்பது லென்ஸின் துவாரமான அபர்ச்சரின் கையிலும், ஒளி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் ஷட்டரின் கையிலும்தான் இருக்கிறது. உள்ளே வந்த ஒளியை எவ்வளவு பிரகாசமாகக் காட்டுவது என்பதோடு ஐ.எஸ்.ஓ.வின் வேலை முடிந்தது. ஆரம்பிப்பவர்களுக்கு மூன்றையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

நான் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் ஒரு வெள்ளைப் போர்வையிலிருந்து தொடங்குவேன். கேமராவின் டயலை ஏ (A) அல்லது ஏவி (Av) என்று எழுதியிருக்கும் இடத்துக்குத் திருப்புங்கள், அதில் அபர்ச்சரை நீங்கள் வைத்தால் ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். வெள்ளைப் போர்வையை ஜன்னல் வெளிச்சத்தில் தொங்கவிட்டு, ஃபிரேம் முழுக்க அது மட்டும் தெரியும்படி ஒரு படம். அதே இடத்தில் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வெள்ளை அழுக்காகச் சாம்பல் நிறத்தில் இருக்கும், கறுப்பு வெளிறிப்போய் அதுவும் ஏறக்குறைய சாம்பல் நிறத்தில் இருக்கும். கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு எதிரே இருப்பது போர்வையா முகமா என்று தெரியாது. தன் முன்னால் உள்ளதையெல்லாம் சராசரியாக எடுத்தால் நடுத்தரச் சாம்பல் வரும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் என்று பழைய புகைப்படக்காரர்கள் சொல்வது இதைத்தான். பெரும்பாலான காட்சிகளில் இந்த ஊகம் பலித்துவிடுகிறது, ஆட்டோ படங்கள் சுமாராக வருவது அதனால்தான். ஜன்னலுக்கு முதுகு காட்டி ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது அது பலிப்பதில்லை. பின்னாலிருக்கும் வெளிச்சம் கணக்கில் ஏறி, முகம் இருண்டுவிடுகிறது. அப்படி இருண்ட முகங்கள் உங்களிடம் ஏராளமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதற்கான மருந்து அதே கேமராவில் பிளஸ் மைனஸ் குறி போட்ட பட்டன். போர்வைக்குப் பிளஸ் 1 வைத்து எடுங்கள், அப்புறம் பிளஸ் ஒன்றரை வைத்து எடுங்கள். சாம்பல் வெள்ளையாக மாறுவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். கறுப்புத் துணிக்கு மைனஸ். ஒவ்வொரு எண்ணும் ஒளியை இரட்டிப்பதோ பாதியாக்குவதோ என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், ஏனென்றால் மிச்சமெல்லாம் இந்த இரட்டிப்பிலேயே ஓடுகிறது. ஷட்டர் 1/60 விநாடியிலிருந்து 1/125க்குப் போனால் ஒளி பாதி, 1/250க்குப் போனால் அதிலும் பாதி. அபர்ச்சரில் 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று விசித்திரமாக எண்கள் வருவதும் அதற்காகத்தான். எண் கூடக்கூடத் துவாரம் சிறிதாகும். துவாரத்தின் விட்டத்தை ஏறக்குறைய 1.4ஆல் வகுத்தால் பரப்பு பாதியாகும், ஒளியும் பாதியாகும். ஆகவே எஃப் 8ல் (அதாவது அபர்ச்சர் எண் 8ல்) 1/125ம், எஃப் 5.6ல் 1/250ம், எஃப் 4ல் 1/500ம் ஒரே அளவு ஒளியைத்தான் உள்ளே விடுகின்றன. ஆனால் படங்கள் ஒன்றுபோல இருக்காது: முதலாவதில் பின்னணி தெளிவாகவும் ஓடுகிற குழந்தையின் கை கொஞ்சம் கலைந்தும் இருக்கும், கடைசிப் படத்தில் குழந்தை அப்படியே நிற்கும், பின்னால் உள்ளது கரைந்துவிடும். எது வேண்டும் என்பது உங்கள் முடிவு. இந்த முடிவை நீங்கள் எடுக்க ஆரம்பிக்கும் நாளில் ஆட்டோ தானாகவே தேவையற்றுப் போகும்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். விரல் வேகம் வெறும் பழக்கம், பட்டன் எங்கே இருக்கிறது என்பது கைக்குப் பழகிவிட்டால் உங்களுக்கும் வரும். கை லேசாக நடுங்குவது வேறு விஷயம், அதற்கும் கணக்கு உண்டு. 50 மி.மீ. லென்ஸ் என்றால் ஷட்டர் 1/50க்குக் கீழே போகக்கூடாது என்பது பழைய வழக்கு. உங்கள் கேமராவில் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சார் சிறியது என்றால் 1/80. நீங்கள் எந்தத் தயக்கமும் இல்லாமல் 1/160 வைத்துக்கொள்ளுங்கள், வெளிச்சம் போதாவிட்டால் ஐ.எஸ்.ஓ.வை 1600க்கு ஏற்றுங்கள். படத்தில் புள்ளிபுள்ளியாக வருவதைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், ஆடிப்போன படத்தை எதுவும் செய்ய முடியாது.

ஜூலியா மார்கரெட் கேமரன் என்று ஓர் ஆங்கிலேயப் புகைப்படக்காரர். 1815ல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863ல், 48 வயதில், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் ரசாயனத்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆகவேண்டும். சில்வர் நைட்ரேட் கையெல்லாம் கறுப்பாக்கிவிடும். வீட்டில் நிலக்கரி போட்டுவைக்கும் அறையை இருட்டறையாக்கினார், கோழிக்கூட்டை ஸ்டூடியோவாக்கினார். கவிஞர் டென்னிசன், அறிவியலாளர் டார்வின், வானியலாளர் ஹெர்ஷல் எல்லோரையும் எடுத்தார். ஃபோகஸ் சரியில்லை என்று அன்றைய புகைப்பட விமர்சகர்கள் திட்டித் தீர்த்தார்கள். அந்த மென்மையான ஃபோகஸோடுதான் அவருடைய முகங்கள் இன்றும் மதிக்கப்படுகின்றன. 1879ல் இலங்கையில் இறந்தார். அவருடைய முக்கியமான படங்களெல்லாம் ஏறக்குறைய பத்தாண்டுகளுக்குள் எடுக்கப்பட்டவை. எனக்கு அவரிடம் பிடித்தது, யாரை எடுக்கவேண்டும், அந்த முகத்தில் எதை எடுக்கவேண்டும் என்பது கேமரா கைக்கு வருவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது போலத் தோன்றுவதுதான். பல வருடங்கள் மனிதர்களைப் பார்த்து வாழ்ந்தவருக்கு வருகிற தெளிவு அது. உங்களுக்கும் அது இருக்கிறது. வகுப்பில் உள்ள பிள்ளைகளுக்கு அதற்கு இன்னும் காலம் ஆகும்.

வகுப்பை விட்டுவிடாதீர்கள். ஆனால் அடுத்த பாடத்துக்கு முன்னால் உங்கள் பழைய படங்களைத் திறங்கள். ஒவ்வொரு படத்தின் கோப்புக்குள்ளும் அன்றைக்குக் கேமரா என்ன அபர்ச்சர், என்ன ஷட்டர், என்ன ஐ.எஸ்.ஓ. வைத்தது என்பது பதிவாகியிருக்கும், விவரங்கள் என்ற இடத்தில் பார்க்கலாம். உங்களுக்கு மிகவும் பிடித்த கொஞ்சம் படங்கள், மனம் நொந்த கொஞ்சம் படங்கள், இரண்டையும் எடுத்து அந்த எண்களைப் பக்கத்தில் எழுதுங்கள். ஆடிப்போனவற்றில் பலவும் 1/15, 1/20 என்று இருக்கும். பிடித்தவற்றில் ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது என்றும் எழுதுங்கள், பெரும்பாலும் பக்கவாட்டில் ஒரு ஜன்னலோ கதவோ திறந்திருக்கும். உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடப்புத்தகம் கிடைக்காது, அதில் எல்லா உதாரணங்களும் உங்களுக்குத் தெரிந்த மனிதர்கள்.

மிரர்லெஸ் இப்போது வேண்டாம். அதில் ஒரு நிஜமான வசதி உண்டு, பட்டனை அழுத்துவதற்கு முன்பே படம் எவ்வளவு பிரகாசமாக வரும் என்று வியூஃபைண்டரிலேயே தெரிந்துவிடும், பிளஸ் மைனஸ் பழகுபவர்களுக்கு அது நல்ல துணை. எடையும் பொதுவாகக் குறைவு. ஆனால் உங்களிடம் இருப்பதை வைத்தே மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்யலாம். இருக்கிற லென்ஸ்களில் ஒன்றை மட்டும் மாட்டி மற்றதை உள்ளே வைத்துவிடுங்கள், ஜூம் என்றால் 50 மி.மீ.யில் நிறுத்திக்கொண்டு நீங்கள் முன்னும் பின்னும் நடங்கள். ஆறேழு மாதம் கழித்துத் தோள் வலிக்கிறது என்று தோன்றினால் அப்போது எழுதுங்கள், எடை குறைந்த கேமராவாகப் பார்க்கலாம்.