வேர் சிகிச்சை முடிந்தும் பல்வலி போகவில்லையே?

கேள்வி: மூன்று மாதம் முன்பு இடது கீழ்க்கடைவாய்ப் பல்லில் ரூட் கேனல் செய்து கேப்பும் போட்டேன். மென்றால் இன்னும் வலிக்கிறது. வேறொரு டாக்டர், "ஞானப்பல்லுக்கு முந்தின பல் இது. உங்களுக்கு வேரே ஆங்கில எழுத்து 'சி' வடிவம், மறுபடி செய்யணும்" என்கிறார். முதல் டாக்டர் ஏமாற்றிவிட்டாரா? பேசாமல் பிடுங்கிவிடலாமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பிடுங்க அவசரப்படாதீர்கள். ஏமாற்றினார் என்றும் முடிவு கட்ட வேண்டாம்.

அந்தப் பல்லுக்குப் பொதுவாக இரண்டு வேர், அவற்றுக்குள் நரம்பு ஓடும் மெல்லிய கால்வாய் மூன்று. சிலருக்கு இரண்டு வேரும் ஒட்டியே வளர்ந்துவிடும். அப்போது கால்வாய்கள் தனித்தனித் துளையாக இல்லாமல், சி போல வளைந்த மெல்லிய பிளவாக இருக்கும். கீழே போகப் போக அதுவே பிரியலாம், மறுபடி சேரலாம். சீனர்கள், கொரியர்களிடம் இது அதிகம், நம்மவர்களிடமும் உண்டு. குக், காக்ஸ் என்ற பல் மருத்துவர்கள் இருவர் 1979-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள்.

சிக்கல் சுத்தம் செய்வதில்தான். இரும்பு கேட் ஓடும் பள்ளத்து மண்ணைக் கம்பியால் குத்தி எடுத்துப் பாருங்கள். அங்கங்கே வரும், இடையில் தங்கிவிடும். இங்கேயும் ஊசி போன்ற ஃபைல் மட்டும் போதாது. கிருமியைக் கொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை விட்டு, அல்ட்ராசோனிக் கருவியால் அதிரவைத்துக் கழுவ வேண்டும். சாதாரண எக்ஸ்ரே தட்டையான படம், அதில் இந்த வடிவம் பிடிபடாமல் போவது சகஜம்.

சரி, இப்போது என்ன செய்வது? கேப் உயரமாக இருக்கிறதா, பல்லில் விரிசல் உண்டா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சில சமயம் கேப்பைக் கொஞ்சம் தேய்த்தாலே வலி அடங்கிவிடும். இல்லையென்றால், பல்லை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன். அதில் வடிவம் உறுதியானால், மைக்ராஸ்கோப் வைத்து வேலை செய்யும் வேர் சிகிச்சை நிபுணரிடம் மறுசிகிச்சை செய்துகொள்ளுங்கள். தனியாரில் செலவு கட்டாது என்றால், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

மெடிக்கலில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். ரத்த ஓட்டமே இல்லாத பல்லுக்குள் அந்த மருந்து போய்ச் சேராது. தாடை வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டாலோ, நள்ளிரவானாலும் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், இந்த அமைப்பு பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். பின்னாளில் வலது பக்கம் அதே பல்லில் கை வைக்க நேர்ந்தால், டாக்டரிடம் முன்கூட்டியே இந்த ஸ்கேனைக் காட்டிவிடுங்கள்.