முழங்காலுக்குக் கீழே சாலை

பத்தி எழுதும் அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சிகாகோவுக்குப் பக்கத்தில் ஷாம்பர்க்கில் இருக்கிறேன். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். ஜூலையில் மூன்று இரவு விஸ்கான்சின் மாநிலத்தில் பாராபூ பக்கம் கிளாம்பிங், அதாவது வசதியான கூடாரத் தங்கல், போகிறோம். செவ்விந்தியர் பாணியில் கூம்புக் கூடாரம். உள்ளே கட்டில், மெத்தை, குளிர்பதனப் பெட்டி எல்லாம் உண்டு. கழிப்பறை மட்டும் கொஞ்சம் தள்ளி. அம்மாவுக்கு அது பயம். அப்பா விவசாயி. 'வீடு இருக்கும்போது காசு கொடுத்துக் கூடாரத்தில் படுப்பானேன்' என்கிறார். பகலில் சுற்றிப் பார்க்க ஒன்பது இடங்கள் குறித்திருக்கிறேன்: டெல்ஸ் என்ற ஆற்றுப் பாறைப் பள்ளத்தாக்கில் படகுச் சவாரி, நீர் விளையாட்டுப் பூங்கா, டெவில்ஸ் லேக், கொக்குப் பண்ணை, சர்க்கஸ் அருங்காட்சியகம், பாறைமேல் வீடு, டாலியெசின் (கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டின் வீடு), ஒரு குகை, சீஸ் ஆலை. நம் ஊர் மாதிரி இங்கே வரலாறு என்று பார்க்க ஒன்றும் இல்லை, சோளக்காடும் மாடும்தான். எதை வைக்கலாம், எதை விடலாம்? உங்கள் மகள் அந்த மாநிலத் தலைநகரான மேடிசனில் இருந்ததாகப் பத்தியில் எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

ம., ஷாம்பர்க்

அன்புள்ள ம.,

பயணத் திட்டம் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது, தண்ணீர் பாய்ந்து கிடந்த வாழைத் தோட்டத்தில் ஒரு ஓட்டுச் சில்லு காலில் குத்தியது. உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. கட்டைவிரல் நகம் அளவுதான். அதைக் கழுவி மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. 'வரலாறு என்று பார்க்க ஒன்றும் இல்லை.' இல்லை என்று யார் சொன்னார்கள் உங்களுக்கு?

முதலில் உங்கள் பட்டியல். மூன்று நாளில் ஒன்பது இடம் என்றால் உங்கள் அப்பாவும் அம்மாவும் பார்க்கப்போவது காரின் முன் இருக்கையுடைய முதுகைத்தான். நீர் விளையாட்டுப் பூங்காவில் அவர்களுக்கு என்ன வேலை? அடித்துவிடுங்கள். பாறைமேல் வீடு, டாலியெசின், குகை மூன்றும் தெற்கே வேறு திசையில் கிடக்கின்றன, இன்னொரு முறை போங்கள். சர்க்கஸ் அருங்காட்சியகம் இருக்கட்டும். ரிங்லிங் சகோதரர்கள் 1884இல் சர்க்கஸ் தொடங்கிய ஊர் பாராபூ. 1918 வரை ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் யானை, ஒட்டகம், கூடாரம் எல்லாவற்றோடும் அங்கேதான் திரும்பி வந்தார்கள். கூடாரம் அந்த ஊருக்குப் பழைய சரக்கு என்று அப்பாவிடம் சொல்லுங்கள். நீங்கள் கொக்குப் பண்ணை என்று எழுதியிருப்பது பண்ணை அல்ல. உலகில் இருக்கும் பதினைந்து வகைப் பெருங்கொக்குகளையும் ஒரே இடத்தில் வைத்துக் காக்கும் அறக்கட்டளை. 1973இல் இரண்டு இளைஞர்கள் தொடங்கியது. நம் நாட்டின் வடபுலத்து வயல்களில் ஆள் உயரத்துக்கு நிற்கும் சாரஸும் அங்கே இருக்கிறது. போங்கள்.

இனி நான் சொல்ல வந்தது.

2017இல் மகள் பிரசவத்துக்காக மேடிசன் போயிருந்தேன். குழந்தைக்கு இரண்டு மாதம் ஆனதும், 'அத்தை வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்களே' என்று மாப்பிள்ளை ஒருநாள் காரை எடுத்தார். நல்ல பிள்ளை. உங்களைப் போலவே பட்டியல்காரர். டெவில்ஸ் லேக் பார்த்தாயிற்று, அடுத்தது டெல்ஸ் என்று ஓட்டிக்கொண்டிருந்தபோது குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. பாராபூவைத் தாண்டி ஏதோ கிராமச் சாலை. ஓரத்தில் புல் வெட்டிய சின்னப் பூங்கா மாதிரி ஓர் இடம். வண்டியை நிறுத்தினார். மகள் காருக்குள்ளேயே பால் கொடுத்தாள். நான் குழந்தையின் ஈரத் துணியை உலர்த்த இறங்கி, லேசாக மேடேறியிருந்த புல்லின்மேல் அதை விரித்துவிட்டு நின்றேன். மேட்டின் உயரம் என் முழங்கால் அளவுதான் இருக்கும். பூமி கொஞ்சம் மூச்சை இழுத்து நிறுத்தியதுபோல ஒரு வீக்கம், அவ்வளவுதான்.

பிறகுதான் அங்கிருந்த கல்லில் பதித்திருந்த பலகையைப் படித்தேன். நான் துணி உலர்த்தியது ஒரு மனிதனின் உடம்பில்.

மேன் மவுண்ட் என்கிறார்கள். மண்ணைக் கூடை கூடையாகக் கொட்டி, கொம்பு வைத்த தலையோடு, நடக்கிற நிலையில் ஒரு மனித உருவம். 214 அடி நீளம். செய்து ஆயிரம் ஆண்டு இருக்கும். நம் சோழர்கள் கல்லில் அடுக்கிக்கொண்டிருந்த காலத்தை ஒட்டி, அங்கிருந்த பூர்வகுடிகள் மண்ணில் அடுக்கியிருக்கிறார்கள். 1859இல் கேன்ஃபீல்ட் என்ற நில அளவைக்காரர் இதை அளந்து படம் வரைந்து வைத்தார். அந்தப் படத்தில் கால் முழுசாக இருக்கிறது. பிறகு சாலை போட்டார்கள். முழங்காலுக்குக் கீழே வெட்டிக்கொண்டு போய்விட்டது சாலை. மிச்சத்தையாவது காப்போம் என்று உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தார் நிலத்தை வாங்கி 1908இல் பூங்காவாக்கினார்கள். மாப்பிள்ளையின் கார் நின்றிருந்தது அவனுடைய கால் இருக்கவேண்டிய இடத்துக்கு அருகில்.

துணியை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

விஸ்கான்சினில் இப்படி மேடுகள் பதினைந்தாயிரத்துக்கும் மேல் இருந்தன என்று கணக்குச் சொல்கிறார்கள். பறவை, கரடி, நீண்ட வாலுள்ள நீர்விலங்கு. இப்போது மிஞ்சியவை சுமார் நாலாயிரம். மற்றவையெல்லாம் ஏருக்கும் சாலைக்கும் வீட்டுக்கும் போய்விட்டன. நீங்கள் பார்க்கும் 'சோளக்காடும் மாடும்' அவற்றின் மேல்தான் நிற்கிறது. கோபுரம் இருந்தால் நாம் காரை நிறுத்துவோம், செருப்பைக் கழற்றுவோம். முழங்கால் உயர மண்மேடு நம் கண்ணுக்கு மேய்ச்சல் நிலம்.

அந்த 'செவ்விந்தியர் பாணி' கூடாரத்துக்கு வருகிறேன். அந்தச் சொல்லை விட்டுத் தொலையுங்கள், முதல் வேண்டுகோள். அது ஹோ-சங்க் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். கூம்புக் கூடாரம் அவர்களுடையது அல்ல. மேற்கே, புல்வெளிகளில் காட்டெருமைக் கூட்டத்தின் பின்னால் போன மக்களுடையது. ஹோ-சங்க் மக்கள் இளமரங்களை வளைத்துக் கட்டி, பட்டையும் கோரைப்பாயும் போர்த்திய கவிழ்த்த கூடை மாதிரி வீடுகளில் வாழ்ந்தார்கள். கேரளத்துக்கு வந்த வெள்ளைக்காரனுக்கு ராஜஸ்தானத்துக் கூடாரம் போட்டுக் கொடுத்து 'உள்ளூர் பாணி' என்றால் சும்மா இருப்பீர்களா? உங்களுக்கு ஹோ-சங்க் என்ற பெயர் அந்த நெடுஞ்சாலைச் சூதாட்ட விடுதியின் பலகையில்தான் தெரிந்திருக்கும். அந்த விடுதியை நடத்துகிறவர்களே அவர்கள்தான்.

1837இல் வாஷிங்டனில் அமெரிக்க அரசாங்கத்தார் ஓர் ஒப்பந்தத்தில் ஹோ-சங்க் மக்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். போயிருந்த தூதுக்குழுவுக்கு நிலத்தை எழுதிக்கொடுக்கும் அதிகாரமே கிடையாது. காலி செய்ய எட்டு ஆண்டு என்று வாயால் சொன்னார்கள். தாளில் இருந்தது எட்டு மாதம். பிறகு அயோவா, மினசோட்டா, டகோட்டா, நெப்ராஸ்கா என்று துரத்தித் துரத்தி ஏற்றினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டம் நடந்தே திரும்பி வந்தது. அவர்களில் மஞ்சள் இடி என்று பொருள்படும் பெயர்கொண்ட தலைவர் ஒருவர். துரத்த முடியாதபடி செய்ய ஒரே வழி பட்டாதான் என்று கண்டுபிடித்து, 1849இல் அந்தப் பக்கத்திலேயே நாற்பது ஏக்கரைத் தன் பேருக்குப் பதிவு செய்துகொண்டார். தன் சொந்த மண்ணைக் காசு கொடுத்து! உங்கள் அப்பாவிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பட்டா என்றால் என்னவென்று விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டாம்.

டெவில்ஸ் லேக்குக்கும் அவர்கள் வைத்திருந்த பெயருக்குப் புனித ஏரி என்றுதான் பொருள். வந்தவர்கள் அதைப் பிசாசாக்கிவிட்டார்கள். நம் ஊரில் ஐயனாரையும் மாடனையும் பாதிரிகள் பிசாசு என்று எழுதிவைத்த அதே வேலை.

ரொம்பத் திட்டிவிட்டேன். திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை உண்டா என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது எங்கள் தாத்தா ஆற்றங்கரைப் பரம்பைத் தள்ளி வாழை வைத்தார். பரம்பு என்றால் எங்கள் பக்கத்தில் சரளைமேடு. ஆடு மேய்க்கத்தான் ஆகும். இயந்திரம் ஒருநாள் முழுக்கத் தள்ளியது. மண்ணுக்குள் பெரிய பெரிய தாழிகள். ஆட்கள் கடப்பாரையால் ஒன்றைத் தட்டினார்கள், உள்ளே எலும்பும் சின்னச் சின்னக் கலயங்களும். 'பழைய காலத்துக் கிழடுகளை உயிரோடு வைத்துப் புதைத்தது' என்று ஆச்சி சொன்னாள். எங்களுக்கு அதெல்லாம் பயமில்லை. பையன்கள் தாழிகளைக் குறிவைத்துக் கல்லெறிந்தார்கள். நான் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கலயத்தை எடுத்துக்கொண்டேன். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, கண்ணாடிபோல வழவழப்பு. செப்புச் சாமான்களோடு சேர்த்து அதில் புளியங்கொழுந்தை வைத்துச் சோறாக்கி விளையாடினேன். ஒரு வாரம் இருந்தது. பிறகு கீழே போட்டு உடைத்தேன். யாரும் கேட்கவில்லை.

மேன் மவுண்டின் முழங்காலருகே நின்றபோது எனக்கு அந்தக் கலயத்தின் வழவழப்பு விரலில் வந்தது. சாலை போட்டவர்களைத் திட்ட வாயெடுத்தேன், வரவில்லை. மாப்பிள்ளை ஹாரன் அடித்தார். டெல்ஸில் படகுக்கு நேரமாகிவிட்டதாம். படகில் போனோம், பாறைகள் அழகாகத்தான் இருந்தன, ஒன்றும் நினைவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன், மறந்துவிடவில்லை. அப்பாவை லியோபோல்டின் குடிசைக்குக் கூட்டிப்போங்கள், உங்கள் பட்டியலில் அது இல்லை. ஆல்டோ லியோபோல்ட் மேடிசனில் பேராசிரியர். 1935இல் பாராபூ அருகே சாரமெல்லாம் போன ஒரு மணல்காட்டை வாங்கினார். அங்கே நின்றிருந்த ஒரே கட்டடம் கோழிக்கூடு. குடும்பமாக எருவை அள்ளிக் கொட்டிவிட்டு அதிலேயே படுத்தார்கள். வாரக்கடைசிதோறும் வந்து மரம் நட்டார்கள். பட்டுப்போனால் மறுபடி நட்டார்கள். 1948இல் பக்கத்து நிலத்தில் பிடித்த தீயை அணைக்கப் போனபோது அவர் இறந்தார். 'கூடாரத்தில் படுப்பானேன்' என்று கேட்கிற மனிதர் அந்தப் பைன் மரங்களுக்கு நடுவே நின்றால், மண்ணை ஒரு பிடி அள்ளிப் பார்ப்பார் பாருங்கள்.

டெவில்ஸ் லேக்கில் பாறைப் படிகளில் ஏற்றாதீர்கள், செங்குத்து, அவர்கள் வயது முழங்கால் தாங்காது. தென்கிழக்குக் கரையில் சமதளம். அங்கே பறவை வடிவ மேடு ஒன்று உண்டு, சுற்றி வந்து பாருங்கள், மேலே ஏற வேண்டாம்.

அம்மாவுக்கு ஒரு நல்ல டார்ச்சு வாங்கிக் கொடுங்கள். இரவில் கழிப்பறைக்குத் துணைக்கு நீங்களே எழுந்து போங்கள், அவர்களாக எழுப்ப மாட்டார்கள். ஜூலை என்றால் புல்வெளி முழுக்க மின்மினி இருக்கும். வழியில் டார்ச்சைக் கொஞ்சம் அணைத்துவிட்டு நில்லுங்கள்.

சீஸ் ஆலையை வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் செய்த தயிர்க்கட்டியைப் பல்லில் கடித்தால் கீச்சென்று சத்தம் வரும், அம்மா சிரிப்பார்கள். வாங்கிய அன்றே தின்றுவிடுங்கள். மறுநாள் அந்தச் சத்தம் வராது.