ரைசோபியம் (அவரைக் குடும்பச் செடிகளின் வேரில் முடிச்சு உண்டாக்கும் பாக்டீரியா) தொற்றில் மரபணு வெளிப்பாட்டைப் பார்க்க, வேரின் மேலுள்ள நுண்ணிய மயிர்களான வேர்த்தூவிகளைத் தனியாகப் பிரிக்க வேண்டுமா? முழு வேர் போதாதா?

தொற்றின் ஆரம்ப மணி நேரங்கள்தான் உங்கள் ஆய்வு என்றால், போதாது. "முழு வேரை அரைத்து ஆர்.என்.ஏ. எடுத்தால் வேலை முடிந்தது" என்று உங்கள் ஆய்வகத்தில் யாரோ சொல்லியிருப்பார்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

அவரைக் குடும்பச் செடிகள் பெரும்பாலானவற்றில் பாக்டீரியா உள்ளே நுழைவது வேர்த்தூவி வழியாகத்தான். ஒவ்வொரு தூவியும் ஒரே ஒரு செல். பாக்டீரியா விடும் நாட் காரணி என்ற சமிக்ஞைப் பொருளைத் தூவியின் ஏற்பிகள் உணர்ந்ததும், உட்கருவில் கால்சியம் ஏறி இறங்கத் தொடங்கும். அப்புறம், தொற்றையும் முடிச்சையும் தொடங்கிவைக்கும் என்.ஐ.என். போன்ற மரபணுக்கள் வேலையைத் தொடங்கும், தூவி சுருண்டு பாக்டீரியாவை மடக்கிக்கொள்ளும். முழு வேரை அரைத்தால் புறணி (வெளித்தோலுக்கு உள்ளே இருக்கும் திசு), கடத்துத் திசு எல்லாம் சேர்ந்து இந்தச் சின்னக் குரலை அமுக்கிவிடும்.

நான் சோயா நாற்றுகளில் செய்தேன். வேரைத் திரவ நைட்ரஜனில் போட்டு, கண்ணாடிக் குச்சியால் விடாமல் கலக்க வேண்டும். உறைந்த தூவிகள் முறிந்து உதிரும். வலையில் வடிகட்டினால் வேர் மேலே நிற்கும், தூவி கீழே இறங்கும். அந்த மொட்டை வேரை எறியாதீர்கள், ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வேண்டும். முழு வேரில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கிடந்த என்.ஐ.என். ஏற்றம், தூவி மாதிரியில் சந்தேகத்துக்கே இடமில்லாமல் தெரிந்தது. 2010இல் சோயா வேர்த்தூவியின் ட்ரான்ஸ்கிரிப்டோம் (செல்லில் உருவாகும் ஆர்.என்.ஏ.க்களின் மொத்தத் தொகுப்பு) வெளிவந்ததும் தூவிகளைப் பிரித்தெடுத்ததால்தான்.

"ஒற்றைச் செல் முறை வந்த பிறகும் இதுவா?" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் செல்களைத் தனித்தனியாகப் பிரிக்கப் பெரும்பாலும் செல் சுவரைக் கரைக்க வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும், அதற்குள் சில மரபணுக்களின் வெளிப்பாடே மாறிவிடும். திரவ நைட்ரஜனில் எல்லாம் அந்த நொடியிலேயே உறைந்து நின்றுவிடும். தூவி மாதிரியிலும் தொற்று ஏறாத தூவிகளே அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முடிச்சு உருவாவதைப் பார்க்கிறீர்கள் என்றால் தூவி மட்டும் உதவாது, புறணி கட்டாயம் வேண்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். என்னோடு நின்று தூவி உதிர்த்த இளநிலை மாணவியின் பெயர் கட்டுரையில் நன்றி வரியோடு நின்றுவிட்டது. கேட்டதற்கு, "அது கைவேலைதானே" என்றார்கள். அந்தக் கைவேலை இல்லாமல் அலசுவதற்குத் தரவு எங்கிருந்து வந்திருக்கும்? உங்கள் ஆய்வில் யார் குச்சியைப் பிடிக்கிறார்களோ, அவர்கள் பெயரை ஆசிரியர் பட்டியலில் சேர்ப்பது பற்றி முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.