கை தலைக்குப் போகும் நேரம் – கடிதம்

அன்புள்ள அக்கா,

நகம் கடிப்பதைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு எழுதுகிறேன். என் பெயரைப் போட வேண்டாம். எனக்கு நகம் கடிக்கிற பழக்கம் இல்லை, முடி பிடுங்குகிற பழக்கம். 11 வயதில் ஆரம்பித்தது, இப்போது 26. உச்சியில் ஒரு ரூபாய் அளவுக்கு இடம் காலியாகும், வளரும், மறுபடி காலியாகும். அம்மா புழுவெட்டு என்று நினைத்துச் சின்ன வெங்காயம் தேய்த்தார். பழனியில் இரண்டு முறை மொட்டை போட்டார்கள். முடி வளர்ந்தது, கூடவே கையும் வந்துவிட்டது.

போன வருடம்தான் இதற்கு ட்ரைக்கோடில்லோமேனியா என்று ஒரு பெயர் இருப்பதே தெரிந்தது. ஆன்லைனில் ஒரு குழுவில் சேர்ந்தேன். பெரும்பாலும் அமெரிக்கப் பெண்கள். முதல் நாள் விடிய விடியப் படித்தேன். சொரசொரப்பான முடியாகத் தேடிப் பிடுங்கி உதட்டில் தேய்த்துப் பார்ப்பேன் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். உலகத்திலேயே நான் மட்டும்தான் அப்படிச் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன் அக்கா. ஆனால் இப்போதெல்லாம் அதைப் படிக்கும்போதே கை தலைக்குப் போகிறது. யாராவது பிடுங்கிய முடியைப் படம் எடுத்துப் போட்டால் அவ்வளவுதான். 40 நாள் பிடுங்கவில்லை என்று பெருமையாக எழுதினேன், எல்லோரும் வாழ்த்தினார்கள். 41ஆம் நாள் எல்லாம் போயிற்று. சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை. விலகிவிடவா?

ர.

அன்புள்ள ர.,

விலக வேண்டாம். ஆனால் படுத்துக்கொண்டு படிக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் ‘விடிய விடிய’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். எப்படிப் படித்திருப்பீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். விளக்கை அணைத்த அறை, ஒருக்களித்துப் படுத்திருக்கிறீர்கள், ஒரு கையில் போன், இன்னொரு கை தலைக்கு முட்டு. இந்தப் பழக்கத்தில் இரண்டு வகை சொல்வார்கள். ஒன்று, தெரிந்தே ஒரு முடியைத் தேடிப் பிடுங்குவது. இன்னொன்று, படிக்கும்போதோ டிவி பார்க்கும்போதோ தூக்கத்துக்குக் காத்திருக்கும்போதோ தன்னை அறியாமல் பிடுங்குவது. பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். எந்த நேரத்தில், எந்த மாதிரி படுத்திருக்கும்போது கை தானாக மேலே போகுமோ, அதே நேரத்தில் அதே மாதிரி படுத்துக்கொண்டுதான் நீங்கள் ஆறுதல் தேடிப் போகிறீர்கள். குழுவில் யார் என்ன எழுதினார்கள் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அதற்காகக் குழுவைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1889இல் அலோபோ என்ற பிரெஞ்சுத் தோல் மருத்துவர் இதற்குப் பெயர் வைத்தார். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இது இடம்பிடிக்க 1987 ஆயிற்று. 1991இல் கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸில் கிறிஸ்டினா பியர்சன் என்பவர் இதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவரும் முடி பிடுங்கியவர்தான். நூறு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ இருக்கிற விஷயம் இது. ஆனால் அந்த ஒவ்வொருவரும் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு வகிட்டை மாற்றி எடுத்து, கிளிப் போட்டு, பூ வைத்து மறைத்துக்கொண்டிருந்தார்கள். நம்மூரில் இன்னொரு தொல்லை. கணக்கு வராவிட்டால்கூடத் ‘தலையைப் பிய்த்துக்கொள்கிறேன்’ என்போம். நிஜமாகவே பிய்த்துக்கொள்பவள் வாய் திறந்து சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. உதட்டில் தேய்க்கும் அந்த ஒரு வரி உங்களுக்குக் கொடுத்ததை வெங்காயமும் மொட்டையும் 15 வருடத்தில் கொடுக்கவில்லை.

நாள் எண்ணுவதை மட்டும் விட்டுவிடுங்கள். குடியை விட்டவர்கள் நாள் எண்ணுவதில் அர்த்தம் இருக்கிறது. அவர்களால் கடைப் பக்கம் போகாமல் இருக்க முடியும். தலையை எங்கே விட்டுவிட்டுப் போவீர்கள்? 40 நாளில் நூறு முறை கை மேலே போய்த் திரும்பியிருக்கும், அதை யாரும் எண்ணவில்லை. ஒரே ஒரு ராத்திரி எல்லாவற்றையும் அழித்ததாக ஆகிவிட்டது. 41ஆம் நாளைச் சொல்ல முடியாத குழுவில் 40ஆம் நாளைச் சொல்லி என்ன பிரயோஜனம்? முடிந்தால் அதை அங்கே எழுதிப் பாருங்கள். என்ன பதில் வருகிறது என்பதை வைத்தே அது எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்துவிடும். படங்களும் அப்படித்தான். பிடுங்கிய முடி, வேர் இதையெல்லாம் எச்சரிக்கை இல்லாமல் போட விடுகிற குழு சரியாக நடத்தப்படவில்லை என்பேன். நடத்துபவரிடம் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டால் வேறு குழு பாருங்கள்.

மருந்துப் பேச்சும் அங்கே ஓடும். என்-அசிட்டைல்சிஸ்டைன் என்ற மாத்திரையின் பெயர் கண்டிப்பாக வந்திருக்கும். 2009இல் 50 பெரியவர்களை வைத்து நடந்த ஒரு சோதனையில், அதைச் சாப்பிட்டவர்களில் 56 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 16 சதவீதம் பேருக்கு. 2013இல் சிறுவர்களை வைத்துச் செய்தபோது அந்த வித்தியாசம் வரவில்லை. டாக்டரிடம் கேட்காமல் குழுவில் சொன்னார்கள் என்று வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

கைக்கு வேறு வைத்தியம் இருக்கிறது. 1973இல் அஸ்ரின், நன் என்ற இரண்டு உளவியலாளர்கள் சொன்ன ஹேபிட் ரிவர்சல், அதாவது பழக்கத்தை மாற்றும் முறைதான் இன்றும் முதலில் சொல்லப்படுவது. கை எங்கே கிளம்புகிறது என்று கவனிக்கப் பழக வேண்டும். சிலருக்கு முதலில் காதோரம் தடவும், பிறகு உச்சிக்குப் போகும். தடவும்போதே பிடித்துவிட்டால், விரல்களை மடக்கி ஒரு நிமிடமாவது இறுக்கி வைத்திருப்பது. ஆள்காட்டி விரலிலும் கட்டைவிரலிலும் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்பவர்கள் உண்டு. முடி வழுக்கிவிடும், அந்தச் சொரசொரப்பும் தெரியாது. மனநல ஆலோசகரைப் பார்க்கப் போனால் இந்த முறை தெரியுமா என்று நேராகவே கேளுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416 இருக்கிறது, டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். உதட்டோடு நிற்காமல் முடியை விழுங்கும் பழக்கமும் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். முடி செரிக்காது, வயிற்றிலேயே உருண்டையாகச் சேர்ந்து அறுவை சிகிச்சை வரைக்கும் போவதுண்டு.

உபதேசம் செய்கிற இடத்தில் நான் இல்லை. நகத்தைப் பற்றி எழுதினேனே, கன்னத்தைப் பற்றி எழுதவில்லை. எழுதும்போது உள்கன்னத்தைக் கடிப்பேன். பல் டாக்டர் கண்ணாடியில் காட்டிய பிறகுதான் அங்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடுவதைப் பார்த்தேன். இந்தப் பதிலை எழுதி முடிப்பதற்குள் நான்கு முறை கடித்துவிட்டேன். நாலு என்று எண்ணியது நீங்கள் எழுதியதால்தான்.

கேட்க விட்டுப்போனது ஒன்று. பிடுங்குவது எந்தக் கை, போனைப் பிடிப்பது எந்தக் கை? இன்று ராத்திரி உட்கார்ந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு, போனைக் கை மாற்றிப் பிடித்துப் பாருங்கள். எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.