மாஸ்க் சல்லடை இல்லை: சிஸ்டரிடம் கேட்டவை

காசநோய் வார்டில் இருபது வருடத்துக்கு மேல் நின்றவள் நான். மாஸ்க் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

சிஸ்டர், கொரோனா வைரஸ் 0.1 மைக்ரான்தான். மாஸ்க் ஓட்டை அதைவிடப் பெரிதாமே? (நாகர்கோவில்)

வைரஸ் தனியாகப் பறந்து வருவதில்லை, எச்சில் துளியில் ஏறித்தான் வருகிறது. அப்புறம், பொடித் துகளையும் வடிகட்டுகிற என்95 மாஸ்க்கின் நடு அடுக்கு இழைகளில் நிலைமின்சாரம் ஏற்றியிருப்பார்கள், பக்கத்தில் வரும் துகளை அது இழுத்துக்கொள்ளும். ரொம்பப் பொடித் துகள் காற்றில் தள்ளாடித் தள்ளாடி தானாகவே இழையில் முட்டும். பிடிக்கக் கஷ்டமானது 0.3 மைக்ரான் பக்கம் உள்ளதுதான், அந்த அளவில் சோதித்துத்தான் 95 சதவீதமாவது பிடிக்கும் என்கிறார்கள்.

என்95-ஐத் துவைத்துப் போடலாமா? (குளச்சல்)

கூடாது. சோப்பு பட்டால் அந்த மின்சாரம் போய்விடும், பார்க்க மட்டும் புதுசாக இருக்கும். என் வீட்டுக்காரர் ஒருமுறை துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தார், நான் போட்ட சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) எல்லாரும் துண்டுதான் கட்டுகிறோம், போதாதா? (கருங்கல்)

இருமும்போது தெறிக்கிற பெரிய துளியைத் துண்டு கொஞ்சம் தடுக்கும், காற்றில் மிதக்கிற பொடிக்கு அது பத்தாது. வங்கதேசத்தில் சுமார் 600 கிராமங்களில் ஆய்வு செய்தார்கள். சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த ஊர்களில் அறிகுறியோடு வந்த கொரோனா 11 சதவீதம் குறைந்தது, 60 வயது தாண்டியவர்களிடம் 35. துணி மாஸ்கில் தெளிவான பலன் தெரியவில்லை. 11 தானா என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம், மாஸ்க் கொடுத்த ஊரிலேயே பத்தில் நாலு பேர்தான் ஒழுங்காகப் போட்டார்கள்!

மாமாவுக்கு டிபி. வீட்டில் யார் மாஸ்க் போட வேண்டும்? (மார்த்தாண்டம்)

மாமாவுக்கு சர்ஜிக்கல், பக்கத்தில் இருந்து கவனிப்பவருக்கு என்95. மூக்கோரம் இடைவெளி இருந்தால் காசு கொடுத்து வாங்கியதே வீண், காற்று அந்த வழியாகத்தான் போகும். தாடி இருந்தாலும் அதே கதிதான். வால்வு வைத்ததை மாமாவுக்கு வாங்கிவிடாதீர்கள், அவர் விடும் மூச்சு அப்படியே வெளியே வரும். மழைச்சாரல் என்று ஜன்னலை அடைத்து வைக்காதீர்கள், மாஸ்க் பாதி என்றால் காற்றோட்டம் மீதி. தட்டு டம்ளரைத் தனியாக வைத்து அவரை நோகடிக்க வேண்டாம், டிபி அதில் பரவாது. மாத்திரையை மட்டும் ஒருநாளும் விடக்கூடாது.

டெங்குக்கும் மாஸ்க் போடலாமா சிஸ்டர்? (தக்கலை)

மக்கா, கொசு மூக்கு வழியாகவா கடிக்கும்? தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, போய்ப் பார்.