கொரோனா காலத்தில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடப் பெற்றோர் தயங்கியது ஏன்?
"குழந்தைகளுக்கு லேசாகத்தானே வருகிறது, எதற்கு ஊசி?" என்று பலரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதோடு ஒரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. ஊசி போட்டால் இதயத்தசை அழற்சி (இதயத்தின் தசை வீங்குவது) வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதெல்லாம் ஃபைசர், மாடர்னா போன்ற எம்ஆர்என்ஏ ஊசிகளைப் பற்றியது; வைரஸின் ஒரு புரதத்தை நம் உடலே தயாரிக்கச் செய்யும் ஊசிகள் அவை. அவற்றிலும் அது அரிது. பெரும்பாலும் பதின்வயது ஆண்பிள்ளைகளுக்கு, இரண்டாம் டோஸ் போட்ட ஒரு வாரத்துக்குள் வரும். இந்தியாவில் 2022 ஜனவரி 3 முதல் 15–17 வயதினருக்குப் போட்டது கோவாக்சின். அது செயலிழக்கச் செய்த வைரஸ். மார்ச் 16 முதல் 12–14 வயதினருக்குப் போட்ட கோர்பிவேக்ஸ், புரத ஊசி. இரண்டுமே எம்ஆர்என்ஏ ஊசிகள் அல்ல. இரண்டிலும் முதல் டோஸுக்கும் இரண்டாம் டோஸுக்கும் இடைவெளி 28 நாள். கோவாக்சின் போட்டபின் பாராசிட்டமால் தேவையில்லை என்று அதைத் தயாரித்த பாரத் பயோடெக்கே சொன்னது.

இதைவிடக் கவலைப்பட வேண்டியது வேறு. ஆஸ்பத்திரிக்குப் போனால் தொற்றிவிடும் என்று பயந்து, 9ஆம் மாதமும் 16–24ஆம் மாதமும் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா ஊசியையே பலர் தள்ளிப்போட்டார்கள். 2022 இறுதியில் மும்பையில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தார்கள். விட்டுப்போன இந்த ஊசியை 5 வயதுவரை போடலாம். இரண்டு டோஸுக்கும் நடுவே குறைந்தது 4 வாரம் வேண்டும். ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டாவேலன்ட் ஊசி ஒரு டோஸோடு நின்றிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட டோஸிலிருந்து தொடரலாம். போகும்போது தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.