தறிச் சத்தம் போதும், ஏஜென்ட் தரும் போர்ட்ஃபோலியோ வேண்டாம்

பள்ளிபாளையத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகன் பிளஸ் டூவில் வணிகவியல் முடித்துவிட்டான். பாட்டு வகுப்புக்குப் போனதில்லை, இசையை எழுதும் நோட்டேஷன் தெரியாது. விசைத்தறிச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி ஏதேதோ செய்கிறான். இங்கிலாந்தில் டிஜிட்டல் இசையும் ஒலிக்கலையும் சேர்ந்த பட்டப்படிப்பு இருப்பதாக ஈரோட்டு ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். விண்ணப்பத்தோடு காட்ட வேண்டிய படைப்புத் தொகுப்பை, அதாவது போர்ட்ஃபோலியோவை, அவர்களே செய்து தருவார்களாம். சீட் பிடிக்க இந்த வாரமே 1.5 லட்சம் கட்ட வேண்டுமாம். படித்தால் சினிமா ஸ்டுடியோவில் வேலை உறுதி என்கிறார். கட்டலாமா?"

கட்டாதீர்கள் அம்மா. அனுமதிக் கடிதம் வருவதற்கு முன்னால் "சீட் பிடிக்க" என்று எந்தப் பல்கலைக்கழகமும் பணம் கேட்பதில்லை. கடிதம் வந்த பிறகு முன்பணம் கேட்டால் அதைப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் நீங்களே நேராகக் கட்டுங்கள். யூகாஸ் என்ற பொது விண்ணப்பத்தில் ஒரே படிவத்தில் 5 படிப்புகள் வரை கேட்கலாம். அதற்குக் கட்டணம் சுமார் 30 பவுண்டுதான். உங்கள் மகனே உட்கார்ந்து நிரப்பிவிடலாம். மாணவனைச் சேர்த்துவிட்டால் ஏஜென்ட்டுக்குப் பல்கலைக்கழகமே கமிஷன் கொடுக்கிறது. அப்புறம் உங்களிடமும் எதற்கு வாங்க வேண்டும்?

நோட்டேஷன் தெரியாதது தடையா என்பதுதான் உங்கள் உண்மையான கவலை. இல்லை. ஒலிக்கலை என்பது எந்த ஒலியையும் படைப்பாக்குவது. அது ராகம், தாளத்தில் தொடங்குவதல்ல, கேட்பதில் தொடங்குவது. ஆல்வின் லூசியர் என்ற அமெரிக்கர் 1969இல் ஒன்று செய்தார். தன் பேச்சைப் பதிவு செய்து அதே அறையில் ஒலிக்கவிட்டார். அந்த ஒலியை மறுபடி பதிவு செய்தார், மறுபடி ஒலிக்கவிட்டார். போகப்போகச் சொற்கள் கரைந்து, அந்த அறையின் ரீங்காரம் மட்டும் மிஞ்சியது. இதை உங்கள் வீட்டில் செய்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு முறை செய்துவிட்டு எழுந்து போனால் அவனுக்கு வேண்டியது இசைத் தயாரிப்புப் படிப்பு. இரவு பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தால் ஒலிக்கலை அவனுக்கு ஏற்றது.

இந்த வேறுபாட்டைத்தான் ஏஜென்ட்டுகள் மறைக்கிறார்கள். ஸ்டுடியோ ஒலிப்பொறியாளர் ஆவதற்கான படிப்பு வேறு. சர்ரே பல்கலைக்கழகத்தில் 1970 முதல் நடக்கும் டான்மைஸ்டர் படிப்பு அந்த வகை. அதற்குக் கணிதம் வேண்டும். ஒலிக்கலை படித்தவர்கள் கண்காட்சி, நாடகம், நடனம், விளையாட்டு மென்பொருள், கற்பித்தல் என்று வழி தேடிக்கொள்கிறார்கள். வேலை உறுதி என்று எவரும் சொல்ல முடியாது.

விசாவிலும் ஏமாற்றுகிறார்கள். படிப்பு முடிந்து 2 ஆண்டு தங்கலாம் என்றுதான் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். 2027 ஜனவரி முதல் அதற்கு விண்ணப்பிக்கும் இளநிலைப் பட்டதாரிகளுக்கு 18 மாதம்தான். உங்கள் மகன் 3 ஆண்டு படித்து முடிக்கும்போது இந்த விதிதான் அவனுக்கு. அதே போல, முதலாண்டுக் கட்டணமும் 9 மாதச் செலவும் 28 நாள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். "அந்தப் பணத்தை நாங்கள் காட்டித் தருகிறோம்" என்பவரிடம் போகவே போகாதீர்கள். போலி ஆவணம் என்று தெரிந்தால் 10 ஆண்டு வரை அந்த நாட்டுக்குள் நுழையத் தடை வரும்.

உள்ளூரில் படிக்க வைக்கலாமே என்று கேட்பீர்கள். இங்கே ஒரு விதி குறுக்கே நிற்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தரமணி எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்படக் கல்லூரியின் ஒலிப்பதிவுப் பட்டத்துக்குப் பிளஸ் டூவில் இயற்பியல் கேட்கிறார்கள். புனே திரைப்படக் கல்லூரியின் ஒலிப்பதிவு, ஒலி வடிவமைப்புப் படிப்பு பட்டம் முடித்தவர்களுக்கானது. அந்தப் பட்டம் எதுவாகவும் இருக்கலாம், ஆனால் பிளஸ் டூவில் இயற்பியல் படித்திருக்க வேண்டும். அதாவது பி.ஏ. வரலாறு படித்தவருக்குப் பிளஸ் டூவில் இயற்பியல் இருந்தால் போதும். உங்கள் மகன் பி.காம்.இல் முதலிடமே வாங்கினாலும் பிளஸ் டூவில் இயற்பியல் இல்லை என்பதால் விண்ணப்பிக்க முடியாது. "முதலில் ஒரு டிகிரி முடிக்கட்டும், அப்புறம் புனே" என்று யாராவது சொன்னால் நம்பி 3 ஆண்டை விட்டுவிடாதீர்கள்.

இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இலேயே டேவிட் டியூடர் என்ற இசைக்கலைஞரின் உதவியோடு, மூக் சிந்தசைசர் என்ற மின்னணு ஒலிக்கருவியை வைத்து மின்னணு இசைக் கூடம் அமைத்தார்கள். அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. நல்ல காது உள்ள வணிகவியல் பையனுக்கு அரசுக் கல்லூரியின் கதவு இன்னும் திறக்கவில்லை. பதினைந்து வயதில் எடுத்த பாடப்பிரிவை வைத்து ஒரு பிள்ளையின் காதை எப்படி அளக்க முடியும்? அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட்டுகள் கடை விரிக்கிறார்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஆண்டுக் கட்டணம் மட்டுமே பொதுவாக 15,000 பவுண்டுக்கு மேல் என்பதால், கடன் வாங்கும் முன் ஓராண்டு பொறுங்கள். பியூர் டேட்டா, சூப்பர்கொலைடர், ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருள்கள் மூன்றும் இலவசம். பழைய லேப்டாப்பிலும் ஓடும். ஓராண்டில் நான்கைந்து படைப்புகள் சேரட்டும். ஒவ்வொன்றுக்கும் ஏன் இந்த ஒலி, எங்கே எடுத்தது, என்ன செய்தேன் என்று பத்து வரி அவனே எழுதட்டும். நேர்காணல் வைத்தால் இதைத்தான் கேட்பார்கள். விலைக்கு வாங்கிய போர்ட்ஃபோலியோ அங்கே இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்ளும். சினிமா பீட் மாதிரி எதையாவது முன்னால் வை என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். அந்தத் தறிச் சத்தத்தையே முதலில் வைக்கச் சொல்லுங்கள்.